ஒரு நொடி முன்னால்

காகிதத்தில் பார்த்தால் வாட்கின்ஸ் கிளென் யாரையும் மிரட்டாது. அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்தில், செனகா ஏரியின் தென்கோடியில் இருக்கும் சிற்றூரை ஒட்டிய பந்தயத்தடம் அது. நீளம் சுமார் 5.4 கி.மீ.; வளைவுகள் 11. இங்கே நடக்கும் வார இறுதி ஓட்டுநர் பயிற்சியின் வகுப்பறையில் கைக்கு வரும் வரைபடத்தைப் பத்து நிமிடம் உற்றுப் பார்த்தால், எது வலது வளைவு, எது இடது வளைவு என்பது மனப்பாடமாகிவிடும். கணினி விளையாட்டில் இதே தடத்தில் பலமுறை ஓட்டிப் பார்த்துவிட்டு வருகிறவர்களும் உண்டு.

வரைபடத்தில் மேடு பள்ளம் தெரியாது. முதல் வளைவு இறக்கத்தில் வலப்பக்கம் திரும்புகிறது. அதைக் கடந்ததும் சாலை ஏறத் தொடங்கி, ஏறிக்கொண்டே வலம், இடம், வலம் என்று நெளிகிறது. இருபுறமும் சாலையை நெருங்கியபடி வெளிர்நீல இரும்புத் தடுப்புகள். காரில் உட்கார்ந்திருப்பவரின் கண் தரையிலிருந்து ஏறக்குறைய ஒரு மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கிருந்து பார்த்தால் நீலத் தடுப்பும் அதற்கு மேலே வானமும்தான் எதிரே நிற்கும்; இந்த நெளிவு எங்கே முடிகிறது என்பது கண்ணுக்கு அகப்படாது. 1973 அக்டோபரில் பிரெஞ்சு வீரர் ஃபிரான்சுவா செவெர் உயிரிழந்தது இந்த ஏற்றத்தில்தான். வார இறுதிப் பயிற்சிக்கு வருகிற மாணவர் தன் சொந்தக் காரில், ஹெல்மெட் அணிந்து, பக்கத்து இருக்கையில் பயிற்றுநரை உட்காரவைத்துக்கொண்டு இதற்குள்தான் நுழைகிறார்.

இந்தப் பயிற்சிக்கும் பந்தயத்துக்கும் சம்பந்தமில்லை. நேரத்தை யாரும் அளப்பதில்லை, பரிசு இல்லை, முதலிடம் இல்லை. போர்ஷே, பிஎம்டபிள்யூ கார் வைத்திருப்பவர்களின் சங்கங்களும் தனிப் பள்ளிகளும் அமெரிக்கா முழுக்க இவற்றை நடத்துகின்றன. அனுபவத்தைப் பொறுத்து மாணவர்களைக் குழுக்களாகப் பிரிப்பார்கள். காலையில் காரைச் சோதிப்பார்கள்: சக்கரத்து நட்டுகள் இறுகியிருக்கின்றனவா, பிரேக் கட்டைகள் போதிய தடிமனில் இருக்கின்றனவா, காருக்குள் உருண்டோடக்கூடிய பொருள் ஏதாவது கிடக்கிறதா. பிறகு கொடிகளைப் பற்றிய பாடம். மஞ்சள் என்றால் முன்னே ஆபத்து, கறுப்பு என்றால் கார்கள் நிற்கும் பிட் பகுதிக்குத் திரும்பு, சிவப்பு என்றால் ஓட்டத்தை நிறுத்து. குறிப்பிட்ட சில இடங்களில் மட்டுமே முந்தலாம். அதுவும் முன்னால் போகிறவர் ஜன்னலுக்கு வெளியே கைநீட்டி எந்தப் பக்கம் வரலாம் என்று காட்டிய பிறகுதான். ஒவ்வொரு ஓட்டமும் இருபது முப்பது நிமிடம். இரண்டு நாளில் ஒருவர் தடத்தில் இருக்கும் மொத்த நேரம் சில மணி நேரம்தான்.

இவ்வளவு குறைந்த நேரத்தில் முன்பின் தெரியாத ஒரு சாலையை மூளை எப்படித் தன்வசப்படுத்துகிறது? இந்த வார இறுதியின் உண்மையான பாடம் அதுதான். வருகிறவர்களில் பெரும்பாலோர் வேகம் காலில் இருக்கிறது, துணிச்சலில் இருக்கிறது என்று எண்ணி வருகிறார்கள். பயிற்றுநர்கள் முதல் ஓட்டத்திலிருந்தே கண்ணைப் பற்றிப் பேசுகிறார்கள். பார்வையைத் தூக்கு, தூரத்தில் பார், போக வேண்டிய இடத்தைப் பார். திரும்பத் திரும்பச் சொல்லப்படும் இந்தச் சொற்களுக்குப் பின்னால் கனமான ஆய்வுகள் இருக்கின்றன.

1994-இல் மைக்கேல் லாண்ட், டேவிட் லீ என்ற இரு ஆய்வாளர்கள் நேச்சர் இதழில் ஒரு சிறு கட்டுரை வெளியிட்டார்கள். எடின்பரோவில் ஆர்தர்ஸ் சீட் குன்றைச் சுற்றி வளைந்து வளைந்து போகும் குவீன்ஸ் டிரைவ் சாலையில் சிலரை ஓட்டவிட்டு, அவர்கள் கண் எங்கே போகிறது என்பதைத் தலையில் பொருத்திய கருவியால் பதிவு செய்தார்கள். ஒவ்வொரு வளைவுக்கும் ஒன்றிரண்டு நொடிகள் முன்பே கண் ஓர் இடத்தைத் தேடிப் பிடித்தது. வளைவின் உள்விளிம்பு நம் பக்கம் புடைத்து வந்து, பிறகு அப்பால் விலகிப் போகத் தொடங்கும் இடம் அது. தொடுபுள்ளி என்று சொல்லலாம். காரின் மூக்குக்கும் அந்தப் புள்ளிக்கும் இடையே உள்ள கோணம் வளைவு எவ்வளவு கூர்மையானது என்பதை அப்படியே சொல்லிவிடும். கண் கோணத்தை எடுக்கிறது, கை ஸ்டீயரிங்கைத் திருப்புகிறது. கண் தொடுபுள்ளியையே பார்க்கிறதா, அதற்கு அருகே கார் போகப்போகும் பாதையைப் பார்க்கிறதா என்பதில் பின்லாந்தின் ஒட்டோ லாப்பி போன்றவர்கள் பின்னாளில் நியாயமான கேள்விகளை எழுப்பினார்கள். வளைவுக்கு முன்பே கண் அங்கே போய்விடுகிறது என்பதில் கருத்து வேறுபாடு இல்லை.

லாண்ட் அதோடு விடவில்லை. பெஞ்சமின் டாட்லருடன் சேர்ந்து அதே கருவியை ஒரு பந்தய வீரரின் தலையில் பொருத்தினார். வீரர் டோமஸ் ஷெக்டர்; 1979-இல் ஃபார்முலா 1 உலகப் பட்டம் வென்ற ஜோடி ஷெக்டரின் மகன். இடம் இங்கிலாந்தின் மேலரி பார்க் தடம். 2001-இல் வெளியான முடிவு வியப்பூட்டுவது. ஷெக்டரின் கண்ணும் தொடுபுள்ளியின் பக்கமாகத்தான் போனது. ஆனால் காரின் திருப்பத்தோடு மிக நெருக்கமாக ஒத்துப்போனது அவர் தலையின் திருப்பம்தான். தலை எவ்வளவு திரும்புகிறதோ, அதற்கு ஈடாக ஏறக்குறைய ஒரு நொடி கழித்துக் கார் சுழன்றது. தடம் அவருக்கு அத்துப்படி. எந்த இடத்தில் எவ்வளவு திரும்ப வேண்டும் என்பது நினைவில் இருந்ததால், சாலை சொல்வதற்காக அவர் காத்திருக்கவில்லை.

வாட்கின்ஸ் கிளெனுக்கு முதன்முறை வருகிறவரிடம் இருப்பது எடின்பரோ கண். பல ஆண்டு நெடுஞ்சாலையில் ஓட்டிய அனுபவம் அந்தக் கண்ணை நன்றாகப் பழக்கியிருக்கும். ஆனால் கண்ணுக்குத் தெரிகிற சாலையை வைத்துத்தான் அதனால் வேலை செய்ய முடியும். நீலத் தடுப்புகளுக்கு இடையே ஏறும்போது தெரிகிற சாலை தீர்ந்துவிடுகிறது. மணிக்கு 130 கி.மீ. வேகத்தில் கார் நொடிக்கு 36 மீட்டர் போகிறது. பார்த்து, முடிவெடுத்து, கையை அசைக்க அரை நொடி ஆனால் 18 மீட்டர் போய்விட்டது. அதனால்தான் முதல் ஓட்டத்தில் மாணவரின் ஸ்டீயரிங் துண்டு துண்டாகத் திரும்புகிறது: கொஞ்சம் திருப்பி, பயந்து, மறுபடி திருப்பி. சேர்த்துக் கொடுத்தால் நினைவாக மாறக்கூடிய சில அடையாளங்கள் அவருக்கு வேண்டும்.

அதற்காகத்தான் கூம்புகள். ஒவ்வொரு வளைவிலும் திரும்பத் தொடங்கும் இடத்தில் ஒன்று, உள்விளிம்பை உரச வேண்டிய அபெக்ஸில் ஒன்று, வெளியேறும் இடத்தில் ஒன்று. கார் ஒரு கூம்பை எட்டுவதற்கு முன்பே கண் அடுத்ததற்குத் தாவ வேண்டும். அபெக்ஸ் கூம்பை நெருங்கும்போது அதைப் பார்த்துக்கொண்டிருந்தால் பயிற்றுநர் கண்டிப்பார். அது முடிந்துபோன செய்தி.

வரிசையாக மூன்று கூம்பு எதற்கு, சாலையின் நடுவே ஓட்டினால் ஆகாதா? ஒரு கணக்கு போட்டால் தெரிந்துவிடும். 90 பாகை திரும்பும் வளைவு. உள்விளிம்பின் ஆரம் 20 மீட்டர், வெளிவிளிம்பின் ஆரம் 30 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். நட்டநடுவே போனால் கார் 25 மீட்டர் ஆரமுள்ள வில்லில் திரும்புகிறது. வெளிவிளிம்பில் தொடங்கி, நடுவில் உள்விளிம்பைத் தொட்டு, மறுபடி வெளிவிளிம்புக்குப் போனால், காரின் அகலத்தைக் கழித்துவிட்டுப் பார்த்தாலும் ஆரம் சுமார் 48 மீட்டராகிவிடுகிறது. டயரின் பிடிப்பு புவியீர்ப்பு அளவுக்கு, அதாவது ஒரு ஜி அளவுக்கு இருந்தால், நடுப்பாதையில் அதிகபட்சம் மணிக்கு 56 கி.மீ. போகலாம், விரிந்த பாதையில் 78 கி.மீ. போகலாம். டயர் அதே டயர், என்ஜின் அதே என்ஜின். 22 கி.மீ. வேகம் வடிவக்கணிதத்திலிருந்து வருகிறது.

புதிதாக வருகிறவர்கள் செய்யும் பிழையும் இந்தக் கணக்கில்தான் இருக்கிறது. ஏறக்குறைய எல்லோரும் சீக்கிரமே திரும்பிவிடுகிறார்கள். உள்விளிம்பு கண்ணை இழுக்கிறது, கண் போன பக்கம் கை போகிறது. எடின்பரோ கண்ணின் பழக்கம் இதற்கு ஒரு காரணம் என்று கருத நிறைய இடமுண்டு. சீக்கிரம் திரும்பியவர் உள்விளிம்பையும் சீக்கிரமே தொட்டுவிடுகிறார். அந்த நொடியில் எல்லாம் சரியாக நடப்பதுபோல் தோன்றும். ஆனால் வளைவில் இன்னும் பாதி பாக்கியிருக்கிறது. காரின் மூக்கோ வெளித்தடுப்பை நோக்கி நிற்கிறது. ஆக்ஸிலரேட்டரை மிதிக்க வேண்டிய நேரத்தில் ஸ்டீயரிங்கை மேலும் இறுக்கித் திருப்ப வேண்டியிருக்கிறது. ஆகவேதான் தெரியாத தடத்தில் அபெக்ஸைக் கொஞ்சம் தாமதமாகவே எடுக்கச் சொல்கிறார்கள். வேகம் சிறிது குறையும். வெளியேறும்போது சாலை மிச்சமிருக்கும்.

டயரிடம் எவ்வளவு கேட்கலாம் என்ற கேள்விக்கு விடை தேடியவர்களில் ஒருவர் இந்த ஊரோடு ரத்தமும் சதையுமாகச் சம்பந்தப்பட்டவர். 1948 அக்டோபர் 2-ஆம் தேதி வாட்கின்ஸ் கிளெனில் முதல் பந்தயம் நடந்தபோது தனித் தடம் ஏதும் கிடையாது. ஊரின் தெருக்களிலும் சுற்றியுள்ள மலைச்சாலைகளிலும் ஓட்டினார்கள். வில்லியம் மில்லிகன் என்ற பொறியாளர் தன் புகாட்டி டைப் 35ஏ காரை ஒரு வளைவில் கவிழ்த்தார். அந்த வளைவுக்கு மில்லிகன் வளைவு என்றே பெயராகிவிட்டது. அவர் போயிங் நிறுவனத்தில் விமானங்களைப் பறக்கவிட்டுச் சோதித்தவர். பஃபலோ நகரின் கார்னெல் விமானவியல் ஆய்வகத்தில் சேர்ந்து, விமானத்தின் நிலைத்தன்மையை ஆராயும் கணித முறைகளைக் காருக்குப் பயன்படுத்தினார். அவரும் சகாக்களும் 1956-இல் லண்டனில் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரைகள் கார் திரும்புவதைப் பற்றிய அறிவியலுக்கு அடித்தளமானவை. அதே 1956-இல் வாட்கின்ஸ் கிளெனில் நிரந்தரத் தடம் அமைந்தபோது அதை வடிவமைத்ததிலும் மில்லிகனுக்குப் பங்குண்டு. கவிழ்ந்த ஊரிலேயே தடத்தை வரைந்தவர். இதைவிடப் பொருத்தமான ஆசிரியர் இந்தப் பாடத்துக்குக் கிடைக்கமாட்டார்.

டயரின் பிடிப்பைப் பொறியாளர்கள் ஒரு வட்டமாக வரைகிறார்கள். பிரேக் போடுவது, முடுக்குவது, இடமோ வலமோ திரும்புவது எல்லாம் அந்த ஒரே வட்டத்திலிருந்துதான் செலவாகின்றன. மொத்தப் பிடிப்பு ஒரு ஜி என்றால், திரும்புவதற்கு 0.8 ஜி எடுத்துக்கொண்டபின் பிரேக்குக்கு 0.6 ஜி மிஞ்சும். எளிய பைதாகரஸ் கணக்கு. வளைவு கூடக் கூடப் பிரேக்கைச் சிறுகச் சிறுக விட வேண்டும். இதை விரல்நுனியிலும் கால்நுனியிலும் கொண்டுவருவதுதான் டிரெயில் பிரேக்கிங் என்ற கலை. முதல் வார இறுதியில் பெரும்பாலான பயிற்றுநர்கள் அதை வாயால் சொல்வதோடு நிறுத்திக்கொள்கிறார்கள், அது சரியான முடிவும்கூட. வட்டத்தின் அளவும் நிலையானதல்ல. மேட்டின் உச்சியைத் தாண்டும்போது கார் சற்றே எடை இழக்கிறது. செங்குத்துத் திசையில் 800 மீட்டர் ஆரமுள்ள ஒரு மேட்டை நொடிக்கு 40 மீட்டர் வேகத்தில் கடந்தால் டயர் மீதுள்ள பாரம் ஐந்தில் ஒரு பங்கு குறையும். கண்ணுக்குச் சாலை மறையும் அதே உச்சியில் டயருக்கும் பிடி தளர்கிறது. அங்கே பயந்து ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலைச் சட்டென எடுப்பதுதான் மிகப் பெரிய ஆபத்து: எடை முன்சக்கரங்களுக்குப் பாய, பின்சக்கரங்கள் பிடி விட்டுக் கார் சுழலப் பார்க்கும்.

ஏற்றம் முடிந்ததும் நீண்ட நேர்ச்சாலை. வேகம் மிக்க சாலைக் கார் ஒன்று அங்கே மணிக்கு 200 கி.மீ.யை நெருங்கும். முடிவில், 1991-இல் நாஸ்கார் வீரர் ஜே. டி. மெக்டஃபி உயிரிழந்த வளைவுக்கு முன்னால் வேகத்தை முறிப்பதற்கென்றே 1992-இல் சேர்க்கப்பட்ட குறுகிய நெளிவு இருக்கிறது. ஓட்டுநர்கள் அதை பஸ் ஸ்டாப் என்கிறார்கள். 1,500 கிலோ எடையுள்ள காரை 200 கி.மீ. வேகத்திலிருந்து 100 கி.மீ.க்குக் கொண்டுவந்தால் சுமார் 17 லட்சம் ஜூல் ஆற்றல் வெப்பமாக வேண்டும். 5 லிட்டர் தண்ணீரை 20 பாகை செல்சியஸிலிருந்து கொதிக்கவைக்கப் போதுமான வெப்பம் அது. சமையலறையில் பத்து நிமிடத்துக்குமேல் ஆகிற வேலை இங்கே மூன்று நொடிக்குள் முடிகிறது. திறனாகக் கணக்கிட்டால் 800 குதிரைத்திறனுக்குமேல். எந்தக் காரிலும் என்ஜினைவிடப் பிரேக்தான் பலசாலி.

இந்த வெப்பம் டிஸ்க்குகளில் சேர்ந்து, பிரேக் எண்ணெய்வரை போகிறது. டாட் 4 வகை எண்ணெய் புதிதாக இருக்கும்போது 230 பாகைவரை கொதிக்கக் கூடாது என்பது தர விதி. ஆனால் அது காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் தன்மை கொண்டது. ஈரமேறிய பிறகு விதி கேட்கும் குறைந்தபட்சக் கொதிநிலை 155 பாகைதான். எண்ணெய் கொதித்தால் ஆவிக் குமிழ்கள் உண்டாகும். திரவம் அமுங்காது, ஆவி அமுங்கும். பெடல் அடிவரை இறங்கும், கார் நிற்காது. பயிற்சிக்கு முன் எண்ணெயை மாற்றிவிட்டு வரச் சொல்வதும், ஒவ்வொரு ஓட்டத்தின் கடைசிச் சுற்றை மெதுவாக ஓட்டிக் காரை ஆறவைப்பதும், நிறுத்திய உடன் கைப்பிரேக்கை இழுக்க வேண்டாம் என்பதும் இதனால்தான்.

பக்கத்து இருக்கையில் இருப்பவரைப் பற்றியும் சொல்ல வேண்டும். அவரிடம் பெடல் கிடையாது, ஸ்டீயரிங் கிடையாது. ஹெல்மெட்டுக்குள் பொருத்திய ஒலிவாங்கி மட்டும்தான். முன்பின் அறியாத ஒருவரின் வலது காலை நம்பி அந்த நீலத் தடுப்புகளுக்கு இடையே உட்காருவதற்கு அசாத்தியமான பொறுமை வேண்டும். அமெரிக்காவில் இந்தக் கலையைப் பொதுமக்களிடம் கொண்டுசென்றவர்களில் முக்கியமானவர் பாப் பாண்டுரண்ட். 1964-இல் டான் கர்னியுடன் சேர்ந்து லு மான் பந்தயத்தின் ஜிடி பிரிவை வென்றவர். கிராண்ட் பிரீ திரைப்படத்துக்காக நடிகர் ஜேம்ஸ் கார்னருக்கு ஓட்டக் கற்றுக்கொடுத்தவர். 1967-இல் மணிக்குச் சுமார் 240 கி.மீ. வேகத்தில் அவருடைய மெக்லாரன் காரின் ஸ்டீயரிங் கை உடைந்தது. கார் உருண்டு, அவர் கால்கள் நொறுங்கின. அது நடந்த இடமும் வாட்கின்ஸ் கிளென்தான். மருத்துவமனைப் படுக்கையில் கிடந்தபடி அவர் ஒரு பள்ளிக்குத் திட்டம் போட்டார். 1968-இல் கலிபோர்னியாவில் அது தொடங்கியது.

சனிக்கிழமை மாலை மாணவர்கள் களைத்துப்போய் விடுதிக்குத் திரும்புகிறார்கள். கற்றது பாதி கலங்கிக் கிடக்கும். 2002-இல் மேத்யூ வாக்கரும் சகாக்களும் நியூரான் இதழில் வெளியிட்ட ஆய்வில், விரல்களால் ஒரு வரிசையை வேகமாகத் தட்டப் பழகியவர்கள், ஓர் இரவு தூங்கி எழுந்ததும் பயிற்சி ஏதுமின்றியே ஏறக்குறைய 20 சதவீதம் வேகமாகத் தட்டினார்கள். அதே அளவு நேரம் விழித்திருந்தவர்களிடம் அந்த முன்னேற்றம் தென்படவில்லை. அந்தப் பலனில் எவ்வளவு தூக்கத்தால் வந்தது, எவ்வளவு களைப்பு நீங்கியதால் வந்தது என்று பின்னர் விவாதம் நடந்தது. விரல் தட்டுவதும் கார் ஓட்டுவதும் ஒன்றல்ல. என்றாலும் இரண்டு நாள் பயிற்சியை ஒரே நீண்ட நாளாகச் சுருக்காமல் நடுவே ஓர் இரவை விடுவது மாணவருக்கு லாபம்தான். ஞாயிறு காலை அதே நீலத் தடுப்புகளுக்கிடையே ஏறும்போது, தலை தானாகவே அடுத்த நெளிவின் பக்கம் திரும்பத் தொடங்கியிருக்கும். சாலை அங்கே இன்னும் தெரியாதபோதே. பயிற்றுநர் பேச்சைக் குறைப்பார். சில பள்ளிகளில் கூம்புகளை ஒவ்வொன்றாக எடுத்தும்விடுகிறார்கள்.

செனகா ஏரிக் கரையில் மழைக்குப் பஞ்சமில்லை. ஞாயிறு மதியம் மழை பிடித்தால், சேர்த்துவைத்த நினைவில் ஒரு பகுதி செல்லாததாகிவிடும். உலர்ந்த சாலையில் எல்லோரும் ஓட்டிய அதே கோட்டில் டயர் ரப்பர் படிந்து, கற்கள் தேய்ந்து வழவழப்பாகியிருக்கும். நனைந்ததும் அங்கேதான் அதிகம் வழுக்கும். 1979-இல் இங்கே அமெரிக்க கிராண்ட் பிரீயின் வெள்ளிக்கிழமைப் பயிற்சியில் மழை கொட்டியது. ஜில் வில்னவ் மற்ற எல்லோரையும்விடக் குறைந்தது 9 நொடி வேகமாக ஒரு சுற்றை முடித்தார். இரண்டாவதாக வந்தவர் அவருடைய சக ஃபெராரி வீரர், அந்த ஆண்டின் உலக சாம்பியன் ஜோடி ஷெக்டர். அதே தடம், அதே கார், இருவரும் உலகின் தலைசிறந்த ஓட்டுநர்கள்.

மழையில் பயிற்றுநர்கள் வேறொரு பாதையைக் காட்டுகிறார்கள். காலையில் உரசிய அபெக்ஸைத் தொடாமல், ஒரு காரின் அகலம் தள்ளி, ரப்பர் படியாத சொரசொரப்பான பகுதியிலேயே சுற்றிப் போக வேண்டும். வழவழப்பான கோட்டைக் கடந்தாக வேண்டிய இடத்தில் ஸ்டீயரிங்கை நேராக்கி, பிரேக்கையும் ஆக்ஸிலரேட்டரையும் தொடாமல் கடக்க வேண்டும். பிடிப்பு எங்கே இருக்கிறது என்பதைக் கண்ணால் கண்டுபிடிக்க முடியாது. ஸ்டீயரிங் சட்டென இலகுவாகும் இடத்தைக் கை குறித்துக்கொள்கிறது. அடுத்த சுற்றில் கண் அதற்கு முன்பே அங்கே போய் நிற்கிறது.